மயிலடி உவமையும் நொச்சியின் அடையாளமும்

சங்கப் பாடல்களில் வரும் மரஞ்செடிகளை இன்றைய தாவரவியற் பெயர்களோடு பொருத்துவதற்கு ஆய்வாளர் பெரும்பாலும் பூவின் நிறத்தையும் மணத்தையுமே துணையாகக் கொள்கின்றனர். இலையின் வடிவையே அடையாளமாகத் தரும் இடங்களுள் கொல்லன் அழிசியின் குறுந்தொகை 138ஆம் பாடல் குறிப்பிடத்தக்கது. அதில் நொச்சியிலை மயிலின் அடிக்கு ஒப்பிடப்படுகிறது. நற்றிணை 115ஆம் பாடலிலும் இவ்வுவமை உண்டு.

மயிலின் காலில் முன்னோக்கிய விரல்கள் மூன்று, பின்விரல் சிறியது. மண்ணில் தெளிவாகப் பதிவன முன்விரல்களே. நொச்சியின் இலை, ஒரே புள்ளியிலிருந்து மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரியும் கூட்டிலை. ஐந்து உள்ளவிடத்தும் நடுவிலுள்ள மூன்றே நீண்டவை. அடியிலுள்ள இரண்டும் மிகச் சிறியவை. நீண்ட இலைக்காம்பு பறவையின் கணைக்காலை நினைவூட்டும். ஆகவே இவ்வுவமை வெறும் அணியன்று. சிற்றிலைகளின் எண்ணிக்கை, அளவு, விரியும் முறை ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டும் வரையறை எனலாம்.

எனினும் இவ்வரையறை ஓர் இனத்தைச் சுட்டுமளவு குறுகியதன்று. வைடெக்ஸ் பேரினத்தின் பல இனங்கள் இத்தகைய இலையுடையவை. அவற்றுள் வைடெக்ஸ் ஆல்டிசிமா என்னும் மலைக்காட்டு மரத்துக்கு மக்கள் வழக்கில் 'மயிலடி' என்பதே பெயர். உவமையையும் இப்பெயரையும் மட்டும் இணைத்துக் காண்பவர் பாடலின் நொச்சி அம்மரமே என்று முடிவு செய்துவிடக்கூடும். பாடலில் ஏழில் என்னும் மலைப்பெயர் வருவதும் அம்முடிவுக்கு வலுவூட்டுவது போலத் தோன்றும்.

இலையொப்புமை மட்டும் பெயரை எத்துணைத் தொலைவு இட்டுச் செல்லும் என்பதற்குத் தாவரவியல் வரலாற்றிலேயே சான்றுண்டு. லின்னேயஸ் 1753இல் நொச்சிக்கு வைடெக்ஸ் நெகுண்டோ எனப் பெயரிட்டார். அதே நூலில் வட அமெரிக்க மேப்பிள் மரம் ஒன்றும் ஏசர் நெகுண்டோ எனப் பெயர் பெற்றது. இலை ஒத்திருந்ததே காரணம்; இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை.

பாடலின் பிற அடையாளங்களை நோக்கினால் மலைமரம் விலகுகிறது. நொச்சி தலைவியின் இல்லத்துக்கு அயலில் நிற்கிறது; அதன் கொம்பு மென்மையானது; பூங்கொத்து கரியது; பூ நீலமணி போன்றது. வைடெக்ஸ் ஆல்டிசிமாவோ வன்மரம், ஓங்கி வளர்வது, அதன் பூக்கள் வெளிறியவை. ஊர் உறங்கிய பின்னும் உறங்காத தலைவி பூ உதிரும் ஓசையைக் கேட்கிறாள். அத்துணைச் சிறிய பூவின் ஓசை செவிப்படவேண்டுமெனில் செடி சுவரை ஒட்டியே நிற்றல் வேண்டும். பாடலின் உணர்ச்சியே தாவர அடையாளத்துக்குச் சான்றாவது இங்குக் கருதத்தக்கது. அகநானூறு 21ஆம் பாடல் நொச்சியை மனையோடு சேர்த்தே கூறுகிறது. நற்றிணைப் பாடலும் மனையில் நட்ட மௌவலோடு அதனை இணைக்கிறது. இன்றும் வேலியாக நடப்படுவது வைடெக்ஸ் நெகுண்டோவே.

வைடெக்ஸ் லியூகாக்சிலான் ஆற்றங்கரையில் வளர்வது. அதன் பூ வெண்ணிறமாதலின் அதுவும் பொருந்தாது. வைடெக்ஸ் டிரைஃபோலியாவை அவ்வாறு எளிதில் ஒதுக்க இயலவில்லை. அதுவும் நீலப்பூவுடைய புதர். மூன்று சிற்றிலை உடையது. கடற்கரை சார்ந்து மிகுதியாக வளர்வதும், சிற்றிலைகளுக்குத் தனிக்காம்பு இன்மையும் அதனை வேறுபடுத்துகின்றன. முன்னது பாடலின் சூழலைக் கொண்டு ஆராயத்தக்கது. பின்னதோ கொய்த இலையைக் கையில் வைத்து நோக்கினாலன்றிப் புலப்படாத வேறுபாடு. மயிலடி உவமை அதற்கும் இடந்தருகிறது.