வீடற்றவர்க்கு ஊரே முகவரி

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்துக்குத் தெற்கே உள்ளது தவளக்குப்பம். இத்தகைய சாலையோர ஊர்களில், கடைத் திண்ணையிலோ கோயில் வாயிலிலோ இரவைக் கழிக்கும் ஏழை ஒருவரை நாம் அனைவரும் கண்டிருப்போம். காலிழந்தோ, பார்வையிழந்தோ, மனம் நோயுற்றோ அவர் இருத்தலும் உண்டு. அவருக்கு நாம் சோறு கொடுக்கிறோம், காசும் கொடுக்கிறோம். ஆனால், சட்டப்படி அவருக்கு உரிய உதவி ஒன்று உண்டென்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. பார்வைக் குறை, கை கால் ஊனம் மட்டுமன்றி மனநோய், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் நிலை உள்ளிட்ட 21 வகைகளை அது ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது என்று மருத்துவர் சான்றளித்தால் பல சலுகைகளுக்கு வழி பிறக்கும். மத்திய அரசு 2009இல் தொடங்கிய ஓய்வூதியத் திட்டமோ, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கானது. இவையன்றி, புதுவை அரசின் சமூகநலத் துறையும் உதவித்தொகை வழங்குகிறது.

இவ்வளவு இருந்தும் வீடற்றவர் ஏன் பெறுவதில்லை? முகவரி இல்லாமையே முதற்காரணம். முகவரி இல்லையேல் குடும்ப அட்டை இல்லை. ஆதார் பெறுவதும் கடினம். ஆதார் இல்லையேல் வங்கியிலும் மருத்துவச் சான்றிலும் தடை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் வீடற்றோர் 17.73 இலட்சம் பேர்.

இம்முடிச்சை அவிழ்க்கும் ஆற்றல் பஞ்சாயத்துக்கு உண்டு. ஊனச் சான்றிதழுக்கென 2017ஆம் ஆண்டு விதிகளில் அமைந்த விண்ணப்பப் படிவம், பஞ்சாயத்தோ அரசுப் பள்ளித் தலைமையாசிரியரோ அளிக்கும் வசிப்புச் சான்றையும் முகவரிச் சான்றாக ஏற்க இடமளித்தது. காப்பகத்தில் இருப்பவருக்கு அதன் தலைவர் தரும் சான்றும் அவ்வாறே. விரலோ விழியோ பதிய இயலாதவரையும் ஆதாரில் சேர்க்க விதி உண்டு. ஆகவே, "விரல் இல்லை, பதிய முடியாது" என்று கேட்டுத் திரும்பிவிடுதல் கூடாது.

எனினும் சான்று ஒன்றே போதாது. 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழ் இணையத்தின் வழியாகவே வழங்கப்படுகிறது. சாலையோரத்தில் படுத்திருப்பவர் தாமே இதை எவ்வாறு செய்வார்? மருத்துவமனைக்குக் குறித்த நாளில் செல்லவும், அனுப்பிய கடிதத்தைப் பெறவும், மறுத்தால் காரணம் கேட்கவும் உடன் ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய 'சோர்' என்னும் முறை இவ்வுண்மையின் மேல் எழுந்ததே. வீடற்ற ஒருவரின் விண்ணப்பத்தைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரே தொடக்கமுதல் முடிவுவரை பொறுப்பேற்று நடத்துவது அதன் வழி. நம் சென்னையிலும் 1993 முதல் 'பான்யன்' நிறுவனம் மனநோயுற்று வீதியில் அலையும் பெண்களுக்குத் துணை நின்று வருகிறது.

புதுவைப் பகுதியின் எல்லை கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடப்பது நாம் அறிந்ததே. ஊனச் சான்றிதழ் நாடு முழுதும் செல்லும். உதவித்தொகையோ அந்தந்த அரசின் வசிப்பு விதிக்குட்பட்டது. எனவே, அவர் உண்மையில் எங்கே, எவ்வளவு காலமாக இருக்கிறார் என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். பொய்ச் சான்று தருதல் தகாது. உண்மையானதை மறுத்தலும் தகாது.

நாம் செய்யத்தக்கவை இவை: அவரிடம் அமர்ந்து பேசி, அவர் விருப்பத்தைக் கேட்டல், வசிப்பை விசாரித்துச் சான்றளித்தல், உடன் செல்ல ஓர் உறுப்பினரையோ இளைஞரையோ நியமித்தல், பணம் அவர் பெயரிலேயே உள்ள கணக்கில் சேர்கிறதா என்று பார்த்தல். தாள்களின் நகல்களைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் வைத்திருப்பது நலம். மழையில் நனைந்தோ களவுபோயோ அவை அழிவது வீதியில் வாழ்வோர்க்கு அடிக்கடி நேர்வதாகும்.

ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. திண்ணையில் உறங்குபவரும் நம் ஊராரே. அடுத்த கூட்டத்தில் சாலையும் குளமும் பேசப்படும்போது, அவர் பெயரும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவதாக.