முதலாளியும் பணியாளரும்: ஹுதைபிய்யா தரும் பாடம்

"கடையில் பையன்கள் ஆறு மாதம் நிலைப்பதில்லை. ஒரு வேலையை மூன்று தடவை சொன்னாலும் எழுந்திருப்பதில்லை."

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமரும் வியாபாரிகளிடம் இந்தக் குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். வீடுகளிலும் வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி இதே பேச்சுத்தான். சொல்லுகிறவர் குரலை உயர்த்துகிறார்; கேட்கிறவர் மேலும் மந்தமாகிறார். முடிவில் கணக்கு முடித்து அனுப்புவதும் வேறோர் ஆளைத் தேடுவதும் வழக்கமாகிவிட்டது.

மூன்று தடவை சொல்லியும் எவரும் எழாத நிலை நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கே ஒருநாள் நேர்ந்தது. அன்று அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில், ஆள் வைத்து வேலை வாங்கும் ஒவ்வொருவருக்கும் பாடம் இருக்கிறது.

அன்று நடந்தது

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628). ஏறக்குறைய 1,400 தோழர்களுடன் பெருமானார் (ஸல்) அவர்கள் உம்ராவுக்காகப் புறப்பட்டார்கள். மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் குறைஷிகள் வழிமறித்தனர். பேச்சு நடந்து உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த ஆண்டு கஃபாவைக் காணாமலே திரும்ப வேண்டும். மக்காவிலிருந்து தப்பி வரும் முஸ்லிமைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் கால் விலங்கோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களையும் திருப்பி அனுப்ப நேர்ந்தது. தோழர்களின் நெஞ்சம் கொதித்தது. உமர் (ரலி) அவர்கள் வாய்விட்டே கேட்டுவிட்டார்கள்.

உடன்படிக்கை முடிந்தபின், எழுந்து பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடியைக் களையுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். எவரும் எழவில்லை. மூன்று முறை கூறினார்கள். அப்போதும் எழவில்லை.

இவர்கள் யார்? சில நாட்களுக்கு முன்னர்தான், உயிர் போனாலும் பின்வாங்க மாட்டோம் என்று மரத்தடியில் கைகொடுத்து பைஅத் செய்தவர்கள்! சோம்பேறிகளுமல்லர், அடங்காதவர்களுமல்லர். துக்கம் அவர்களை உட்கார வைத்துவிட்டது. கட்டளை மாறிவிடாதா என்ற ஏக்கமும் இருந்திருக்கலாம் என்பர் விரிவுரையாளர்.

நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நிலைமையைச் சொன்னார்கள். அன்னையார் ஒரு யோசனை கூறினார்கள்: எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே தங்கள் பிராணியை அறுத்து, நாவிதரை அழைத்து முடியைக் களைந்துகொள்ளுங்கள் என்பதே அது. அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் எழுந்தார்கள். தாமும் அறுத்து, ஒருவர் தலையை ஒருவர் மழித்துவிட்டார்கள்.

நாம் பெறும் படிப்பினைகள்

முதலாவது: வேலை நடக்கவில்லை என்றதும், ஆள் கெட்டவன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊரில் தாய் நோயுற்றிருக்கலாம். உழைப்பு வீணாகப் போயிற்றே என்று மனம் ஒடிந்திருக்கலாம். காரணத்தை அறியாமல் போடும் சத்தம் காயத்தின் மேல் விழும் அடியாகும்.

இரண்டாவது: யோசனை கேட்பதால் தலைமை குறைந்துவிடாது. வஹீ இறங்கப்பெற்ற நபியவர்களே துணைவியாரின் சொல்லை ஏற்றுச் செயல்பட்டார்கள். அகழ்ப்போரில் மதீனாவைக் காக்க அகழ் வெட்டும் யோசனை பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்களுடையது. நம் கடையில் பத்து வருடமாக மூட்டை இறக்குகிறவரிடம் ஒரு யோசனையாவது கேட்டிருக்கிறோமா?

மூன்றாவது: ஏவுகிறவர் கையே முதலில் வேலையில் படவேண்டும். அகழ் வெட்டியபோது நாயகம் (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். புழுதி அவர்கள் வயிற்றை மூடியிருந்தது. எல்லோரும் பசித்திருந்தபோது அவர்களும் பசித்திருந்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் ஓர் ஆட்டுக்குட்டியும் சிறிது வாற்கோதுமையும் சமைத்து அவர்களை அழைத்தபோது, அகழில் வேலை செய்த அனைவரையும் கூட்டிச் சென்றார்கள்.

நான்காவது: தவறிய பின்னும் மனத்தை உடைக்கக் கூடாது. உஹதில் வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு நகர்ந்ததால் எத்தனை இழப்பு! அதன் பின்னர் இறங்கிய ஆலு இம்ரான் 159ஆம் வசனம், அவர்களைப் பொறுக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களோடு ஆலோசிக்கவும் நபியவர்களுக்குக் கட்டளையிடுகிறது. கடுகடுப்பானவராக இருந்திருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பார்கள் என்ற கருத்தும் அதிலேயே உள்ளது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு இதற்கு மேலும் விளக்கம் வேண்டுமா?

மேல்நாட்டாரும் இதைத் தேடி அலைந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே ஹாதார்ன் என்னும் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை ஆய்வு நடந்தது. விளக்கொளியைக் கூட்டினால் வேலை கூடுமா என்று தொடங்கியவர்கள், பின்னர் ஆயிரக்கணக்கான தொழிலாளரை உட்கார வைத்து அவர்கள் பேச்சைக் கேட்கும் நிலைக்கு வந்தார்கள். முடிவுகளைப் பற்றி அறிஞர்களிடையே வாதங்கள் இருந்தாலும், மனிதன் வெறும் இயந்திரமல்லன் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, ‘இனிமேல் இன்முகம் காட்டி இரட்டை வேலை வாங்கலாம்’ என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு சிரிப்பது ஸுன்னத் அல்ல, வஞ்சனை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு ஏவிய மார்க்கம் நமது. பணியாளர் நம் சகோதரர். நாம் உண்பதை உண்ணக் கொடுத்து, உடுத்துவதை உடுத்தக் கொடுக்க வேண்டும். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நாயக வாக்கின் கருத்து. உரிமையைக் கொடுத்த பின்புதான் இன்முகத்துக்கு மதிப்பு உண்டு.

பணியாளருக்கும் ஒரு சொல். முதலாளி பார்த்தாலும் பாராவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான். ஏற்ற வேலை அமானிதம்.

நாளைக் காலை கடையைத் திறக்கும்போது, ‘டேய், பெருக்குடா!’ என்று கத்துவதற்கு முன் விளக்குமாற்றை நாமே ஒருமுறை எடுத்துப் பார்ப்போமாக! ஹுதைபிய்யாவில் எழுந்தவர்களைப் போல் நம் கடைப்பையனும் எழுவான், இன்ஷா அல்லாஹ்.

நம் கீழ் உழைப்போரின் கண்ணீருக்கு நாம் காரணமாகாமல் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.