மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு

பகலில் கான்கிரீட் தளம் குடித்த வெயில், இஷாவுக்குப் பிறகும் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இரவில் தவிப்பது அதனால்தான். ஏசிக்குக் கடன்படும் முன், மாடிக்கு வெள்ளையடித்துப் பாருங்கள் என்போம். வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும்.

குடும்பமாகவே செய்யலாம். மாடியைக் கழுவி, விரிசல்களை அடையுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை இரும்புத் தொட்டியில் நீற்றுங்கள். கொதிக்கும், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். மறுநாள் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, அஸருக்குப் பிறகு ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறவோ சுரண்டவோ வேண்டாம். உடைந்து விழும், தூசி நுரையீரலைக் கெடுக்கும். அத்தகைய வீட்டாரும், ஆள்துணை இல்லாத சகோதரிகளும் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஆளனுப்புகிறோம்.