கையில் 500 ரூபாய், சம்பளத்துக்கு இன்னும் ஏழு நாள்

கேள்வி: தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 23. தனி அறை. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன குக்கர், ஒரு சட்டி இருக்கின்றன. ஃபிரிட்ஜ் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பி, வாடகையும் கட்டிய பிறகு மாதக் கடைசி வாரத்துக்கு 500 ரூபாய்தான் மிஞ்சுகிறது. காலையில் டீயும் பன்னும், மதியம் டீயும் பிஸ்கெட்டும், ராத்திரி இரண்டு பரோட்டா என்று ஓட்டுகிறேன். அதற்கே நாளுக்கு 70 ரூபாய் ஆகிவிடுகிறது. மூன்று மணிக்கெல்லாம் கை நடுங்குகிறது. இந்தப் பணத்தில் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா?
- பெயர் வேண்டாம், அம்பத்தூர்

பதில்: முடியும் தம்பி. உங்கள் கணக்கையே பாருங்கள். நாளுக்கு 70 என்றால் வாரத்துக்கு 490 ரூபாய். பட்டினி கிடப்பதற்கே முழுப் பணமும் போய்விடுகிறது. டீ, பன், பிஸ்கெட், பரோட்டா எல்லாமே மாவும் சர்க்கரையும்தான். சாப்பிட்டதும் தெம்பு வந்த மாதிரி இருக்கும், சீக்கிரமே இறங்கிவிடும். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டும் உடம்புக்கு அது போதாது.

கை இறுகும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அரிசியை வைத்துக்கொண்டு பருப்பை விட்டுவிடுவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். கடைக்குப் போனதும் முதலில் பருப்பும் பயறும் முட்டையும் வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு அரிசி வாங்குங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். சோற்றால் மட்டும் அதை எட்ட முடியாது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். அதனால் இரண்டும் சேர்ந்தால்தான் முழுச் சாப்பாடு.

சில்லறையாக நிறுத்துத் தரும் மளிகைக் கடையில் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். விலை கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும்.

பாசிப்பருப்பு 250 கிராம் - 35
துவரம்பருப்பு 250 கிராம் - 40
கறுப்புக் கொண்டைக்கடலை 250 கிராம் - 25
பச்சை நிலக்கடலை 250 கிராம் - 35
முட்டை 7 - 49
அரிசி 2 கிலோ - 100
கேழ்வரகு மாவு அரை கிலோ - 30
எண்ணெய் கால் லிட்டர் - 40
வெங்காயம், தக்காளி அரை அரை கிலோ - 40
கீரை இரண்டு கட்டு - 30
எலுமிச்சை 2 - 10
பால் அரை லிட்டர் (தயிருக்கு) - 22
உப்பு, மஞ்சள்தூள், கடுகு, மிளகாய் - 20

மொத்தம் 476 ரூபாய். மீதி 24 ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமைத் தாண்டும். எல்லாம் சேர்ந்து 2,000 கலோரிக்குக் குறையாது.

இனி சமையல். காலையில் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு இரண்டையும் கழுவிக் குக்கரில் போடுங்கள். ஒரு வெங்காயம், ஒரு தக்காளி அரிந்து சேர்த்து, மஞ்சள்தூள், உப்பு, நாலரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில் வையுங்கள். ஆவி அடங்குவதற்குள் சட்டியில் எண்ணெய் காயவைத்துக் கடுகும் மிளகாயும் தாளித்துவிடலாம். மூடியைத் திறந்ததும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கிளறி மூடிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே கீரை வெந்துவிடும். தாளிப்பைக் கொட்டி, சூடு கொஞ்சம் தணிந்ததும் அரை மூடி எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடையுங்கள். கூட ஒரு அவித்த முட்டை. மதியத்துக்கு இது போதும். எலுமிச்சையை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ அதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு குடித்தால் இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளி, நாளுக்கு ஒரு டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டறையில் டீ கொடுத்தால் அதையே குடியுங்கள், வாழைப்பழத்துக்கான 24 ரூபாய் தினசரி டீக்குப் போதாது.

பாசிப்பருப்பு தீர்ந்தால் அதே அளவில் துவரம்பருப்பைப் போடுங்கள், ஊறவைத்து இன்னும் இரண்டு விசில் விட்டால் சரி. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி வரும்போது இரண்டு மடங்காக ஊறியிருக்கும். அதை வேகவைத்து வெங்காயம் தக்காளியோடு வதக்கிச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில் புளியும் மிளகும் கிடைத்தால் ரசம் வைக்கலாம். இல்லையென்றால் உப்புப் போட்டு அப்படியே குடிக்கலாம்.

ராத்திரி மிஞ்சும் வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் காலையில் தயிரும் வெங்காயமும் சேர்த்துப் பழைய சோறு. தொட்டுக்கொள்ள ஊறவைத்த நிலக்கடலை. மறுநாள் கேழ்வரகுக் கஞ்சி. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் பருப்புச் சாதத்தையும் குழம்பையும் அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம், சென்னை வெயிலில் புளித்துவிடும். அரை நாளுக்கு வேண்டியதை மட்டும் சமையுங்கள். முட்டை ஒரு வாரம் வெளியே தாங்கும்.

கை நடுக்கம் இரண்டு மூன்று நாளில் குறைய வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் குறையவில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தச் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு மகளிர் விடுதியில் இருக்கிறேன். அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை. மாதக் கடைசியில் விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்டப் பணம் இருக்காது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் அம்மா உணவகத்துக்குப் போங்கள். 2013-இல் சென்னையில் தொடங்கிய இந்த உணவகங்கள் பிறகு மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தன. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பார் சாதம் என்றால் பத்து ரூபாயில் இரண்டு வேளை முடிந்துவிடும். அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்று பல பெண்கள் எழுதுகிறார்கள். கூச்சப்படவே வேண்டாம். அது மக்களின் வரிப்பணத்தில் நடப்பது, உங்களுக்கும் அதில் முழு உரிமை உண்டு. பல கோயில்களில் மதிய அன்னதானமும் நடக்கிறது.

அந்தச் சாப்பாட்டில் குறைவது புரதமும் பழமும்தான். அதை அறையிலேயே அடுப்பில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பாசிப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி வைத்தால் மறுநாள் முளைவிடும். எலுமிச்சையும் உப்பும் சேர்த்துச் சாப்பிடுங்கள். அவலைத் தண்ணீரில் நனைத்துத் தயிர் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, சின்ன நெல்லிக்காய் அளவு வெல்லம், ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் சாயங்காலப் பசிக்குப் போதும். கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே இப்படி மாற்ற வேண்டும்.

இருவருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் குடும்ப அட்டை இருந்தால் ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டில் மிச்சப்படுவதில் உங்கள் பங்கை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டு வாங்கி வாருங்கள். சம்பளம் வந்த அன்றே பருப்பும் பயறும் ஒரு கிலோ வாங்கி டப்பாவில் போட்டுவையுங்கள். மாதக் கடைசியில் அரிசிக்கு மட்டும் காசு தேடினால் போதும்.