குளியலறைப் பம்புக்கு இரண்டு வால்வு

மலையில் இருக்கிற நமக்குத் தண்ணீர் வேகத்தைப் பற்றி யோசிக்கும் தேவை அவ்வளவாக வந்ததில்லை. ஊற்று மேட்டில், பீலி பள்ளத்தில். திறந்தால் முதுகில் அடிக்கிற மாதிரி விழும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. ஊற்று முப்பது மீற்றர் மேலே இருந்தால் மூன்று பார். பம்பே வேண்டாம்.

திருகோணமலைப் பக்கம் கப்பல்துறையில் அந்த வசதி கிடையாது. அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும் நம் தோட்டத்துக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். மூன்று மீற்றர் தூண்மேல் தண்ணீர்த் தாங்கி. ஷவர் இருப்பது இரண்டு மீற்றர் உயரத்தில். மிச்சம் ஒரு மீற்றர் உயரத்தின் அழுத்தம்தான், அதாவது ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு. அதில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுகும். ஆகவே மகன் சிறிய பம்பு ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார்.

பம்பில் பிழையில்லை. தாங்கியிலிருந்து பம்புவரை ஒரே குழாய், இடையில் ஒரு வால்வு கூட இல்லை. ஒரு இரவு பம்பின் சீல் கிழிந்து தண்ணீர் பீய்ச்சியிருக்கிறது. சுவிட்சை அணைத்தும் ஒழுக்கு நிற்கவில்லை, தாங்கித் தண்ணீர் தானாக இறங்கும் அல்லவா? ஆயிரம் லீட்டரும் விடியுமுன் போய்விட்டது. வீட்டில் பிறந்து இருபது நாள் பிள்ளை. "தோட்டத்துல பீலி இருந்துச்சு ஐயா, இங்க வந்து வீடு வீடா குடம் தூக்குறேன்" என்றார் பாட்டியம்மா.

இப்போது நம் தோட்டங்களிலும் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறவர்கள் தாங்கி வைக்கிறார்கள், பம்பும் பூட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கம் ஒரு வால்வு, போகும் பக்கம் ஒரு வால்வு. வரும் பக்க வால்வு தாங்கியை அடைக்கும். போகும் பக்க வால்வு, பம்பைக் கழற்றும்போது மேல் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் மூடும் போல் வால்வு நல்லது. பழைய கேட் வால்வு நாளாக நாளாக இறுகிவிடும். வாங்கும்போது வால்வைத் திறந்து உள்ளே பாருங்கள். துளை குழாயின் அளவுக்கே இருக்க வேண்டும். துளை சிறிதானால் பம்புக்குத் தண்ணீர் போதாமல் உறுமும், சீக்கிரம் கெடும். பிளாஸ்டிக் வால்வு இரண்டும் ஒரு பேர் சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.

வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் யூனியன் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பம்பை எடுக்கக் குழாயை அறுக்க வேண்டி வரும். (சில பாஸ்மார் "அதெல்லாம் வேணாம்" என்பார்கள். அடுத்த தடவை அறுக்க வருகிறவரும் அவர்தான்!) சமையலறைக் குழாய், பம்பு வால்வுக்கு முன்னாலேயே பிரிந்து போகட்டும். அப்போதுதான் பம்பு கெட்ட நாளிலும் உலை வைக்கலாம். வீதிக் குழாயில் நேரே பம்பு பூட்டவே கூடாது. அது பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுக்கும், வெடிப்பு இருந்தால் அழுக்கையும் சேர்த்து உறிஞ்சும்.

மூடும் ஒழுங்கு முக்கியம். முதலில் கரண்ட், பிறகு வரும் பக்கம், கடைசியில் போகும் பக்கம். திறக்கும்போது வரும் பக்கம், போகும் பக்கம், ஷவரைத் திறந்து காற்றுப் போகவிட்டு, பிறகே சுவிட்ச். வால்வை மூடி வைத்துவிட்டு பம்பை ஓடவிட்டால் உள்ளே தண்ணீர் சூடேறும். தண்ணீரே இல்லாமல் ஓடினால் சீல் கருகும். தரை ஈரமாக இருந்தால் பம்பைத் தொடாதீர்கள், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும்.

கப்பல்துறை வீட்டில் மறுநாளே இரண்டு வால்வும் பூட்டியாயிற்று. கடல் காற்றுக்கு இரும்புக் கைப்பிடி துருப்பிடிக்கும் என்பதால், மாதம் ஒரு தடவை மூடித் திறந்து பார்க்கும் வேலையைப் பாட்டியம்மா தானே ஏற்றுக்கொண்டார். வால்வு அவர் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.