நம்பிக்கைகளும் உண்மைகளும்: லேசான குண்டும் ‘பவர்’ ஏறும் கதையும்

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கியவர் கிளப்புக்குள் நுழைந்ததும் அட்டைப்பெட்டியைத்தான் முதலில் காட்டுகிறார். “1250 அடி சார், பாருங்க.” அடுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பா வெளியே வரும். உள்ளே பளபளவென்று, உள்ளங்கையில் கொட்டினால் எடையே தெரியாத குண்டுகள். “லேசான பெல்லட் போட்டா பவர் ஏறும்னு கடையிலேயே சொன்னாங்க.” கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், ஏதோ வீடியோவில் ஒருவர் சொன்னார். பயிற்சி கொடுக்கிற எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த ஒரு கதையைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போவேன்.

பவர் என்று நாம் சொல்வதை ஜூல் கணக்கில் அளக்கிறார்கள். குண்டின் எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் எழுதிய சூத்திரம்தான். ஆனால் ‘வர்க்கம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதத்துக்கு வருகிறார்கள்: எடை பாதியானால் பவர் பாதிதான் குறையும், வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு ஏறுமே! ஏறும், வேகம் இரண்டு மடங்கானால். அது ஆகாது. துப்பாக்கியை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும்போது உங்கள் கை எவ்வளவு ஆற்றலைக் கொடுத்ததோ அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் இல்லை. அதே ஆற்றலில் எடை பாதியான குண்டு 1.4 மடங்கு வேகத்தில்தான் போகும். பவர் இருந்த இடத்திலேயே நிற்கும். பெரும்பாலும் இறங்கும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த அட்டைப்பெட்டிக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி நம் நாட்டில் லைசென்ஸ் கேட்காத ஏர் ரைஃபிளுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. குழாயின் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக்கூடாது. விநாடிக்கு 1250 அடி என்றால் 381 மீட்டர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 0.53 கிராம் ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 38 ஜூலுக்கு மேல் வருகிறது. அப்படியானால் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது சட்டவிரோதமான ஆயுதம். இல்லை, 20 ஜூலுக்குள்தான் இருக்கிறது என்றால், 381 மீட்டர் வேகம் வர குண்டு 0.28 கிராமுக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு தக்கையைப் போட்டு அளந்த எண்ணைத்தான் பெட்டியில் அச்சடித்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு சாத்தியமும் உண்டு: பெட்டியில் போட்டிருப்பது பொய். மூன்றில் எதுவானாலும் வாங்கியவர் பெருமைப்பட என்ன இருக்கிறது?

சரி, வேகமாவது கிடைக்கிறதே என்பார்கள். கிடைத்து என்ன செய்ய? 20 ஜூல் துப்பாக்கியில் 0.33 கிராம் குண்டைப் போட்டால் கணக்குப்படி விநாடிக்கு 348 மீட்டர். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகமும் ஏறத்தாழ அதுவேதான். ஏர் ரைஃபிள் குண்டின் உருவத்தைப் பாருங்கள்: கனமான தலை, ஒடுங்கிய இடுப்பு, உள்ளே குழிந்து விரிந்த பாவாடை. பின்பக்கத்தைக் காற்று இழுத்துப் பிடிப்பதால்தான் அது தலை முன்னால் இருக்க நேராகப் போகிறது. ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றில் அதிர்வலைகள் கிளம்பி இந்த உருவத்தைப் பிடித்து உலுக்கிவிடும். குண்டு ஆடத் தொடங்கும். தாளில் துளைகள் சிதறும். சுடும்போது ‘பட்’டென்று சாட்டை அடித்ததுபோலச் சத்தம் வந்ததும் இளைஞர்கள் முகத்தில் ஒரு பூரிப்பு வருகிறது பாருங்கள், அந்தச் சத்தம் உங்கள் குறி கெட்டுப்போனதற்கான அறிவிப்பு. லேசான குண்டு காற்றை எதிர்த்து வேகத்தைக் காப்பாற்றவும் வக்கில்லாதது. குழாயை விட்டுச் சீறிக்கொண்டு கிளம்பி, வழியிலேயே களைத்துவிடும்.

துப்பாக்கிக்கு நேரும் கேடு இதைவிட மோசம். ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நசுக்குகிறது. குண்டு ஒரு கணம் எதிர்த்து நிற்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தக் காற்றே பிஸ்டனுக்கு மெத்தையாகி, அது முனையில் போய் இடிக்காமல் தடுக்கிறது. மிக லேசான குண்டு நேரத்துக்கு முன்பே ஓடிவிடும். மெத்தை இல்லை; இரும்பு இரும்பில் மோதும். கவட்டையில் கல்லுக்குப் பதில் காகித உருண்டையை வைத்து இழுத்துவிட்டவர்களுக்குத் தெரியும், ரப்பர் திரும்பி எங்கே அடிக்கும் என்று. குண்டே போடாமல் சுடுவதற்கு அடுத்தபடியான கொடுமை இது. சீல் கிழிகிறது, ஸ்பிரிங் முறிகிறது, மேலே மாட்டிய தொலைநோக்கியின் குறுக்குக் கோடு கழன்றுவிடுகிறது. பிறகு “கம்பெனி மால் சரியில்லை சார்” என்று என்னிடமே வந்து நிற்பார்கள். கம்பெனி என்ன செய்யும்?

இந்தக் கதைக்கு ஒரு தம்பியும் இருக்கிறான்: “கனமான குண்டுதான் பலமாக இறங்கும்.” பாதி உண்மை என்பதால் இவனை அடக்குவது கடினம். ஸ்பிரிங் துப்பாக்கியில் அளவுக்கு மீறிக் கனமான குண்டைப் போட்டால், அது நகர்வதற்குள் அழுத்தம் மலைபோல ஏறிப் பிஸ்டனைப் பின்னால் உதைத்துத் தள்ளும். குண்டுக்குப் போக வேண்டிய ஆற்றல் பிஸ்டன் துள்ளுவதில் வீணாகும். லேசில் போனாலும் நட்டம், கனத்தில் போனாலும் நட்டம். நடுவில் ஓர் எடையில்தான் அந்தத் துப்பாக்கி முழுதாக வேலை செய்யும்.

காற்றை முன்பே சிலிண்டரில் அடைத்து வைக்கும் பி.சி.பி. வகையில் விஷயம் வேறு. அங்கே பிஸ்டன் கிடையாது. கனமான குண்டு குழாய்க்குள் சற்றுக் கூடுதல் நேரம் நின்று, பின்னால் விரியும் காற்றிடமிருந்து அதிகம் வாங்கிக்கொள்ளும். ஜூல் உண்மையிலேயே ஏறும். இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. 0.53 கிராம் குண்டில் 19 ஜூல் காட்டும் பி.சி.பி., 0.67 கிராம் குண்டில் 20-ஐத் தாண்டிவிடலாம். காலையில் சட்டப்படியான துப்பாக்கி, டப்பாவை மாற்றியதும் லைசென்ஸ் கேட்கும் துப்பாக்கி. வாங்கும்போது “எந்த எடைக் குண்டில் அளந்தீர்கள்?” என்று கேளுங்கள். கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வேகப் பித்துப் பிடித்தவர்களுக்கு இன்னும் ஒன்று. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும், அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில்தான். அந்த வகைத் துப்பாக்கிகளில் குண்டு விநாடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான் வெளியேறும். ஆற்றல் ஏழெட்டு ஜூல். அடிக்க வேண்டிய பத்துப் புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டர். லட்சக்கணக்கில் விலை கொடுத்து அந்தக் குறைந்த வேகத்தை அவர்கள் வாங்குகிறார்கள்.

அப்படியானால் எந்தக் குண்டு? 4.5 மில்லிமீட்டர் குழாய்க்கு என் கணக்கு இது. எட்டு ஜூல் வரை 0.45 முதல் 0.53 கிராம். பத்திலிருந்து பதினாறு ஜூல் வரை 0.51 முதல் 0.55. அதற்கு மேலே இருபதுக்குள் 0.55 முதல் 0.68, ஸ்பிரிங்கானால் இதில் கீழ்ப்பக்கம், பி.சி.பி.யானால் மேல்பக்கம். எந்தத் துப்பாக்கியானாலும் வேகம் விநாடிக்கு 280 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் தாளைச் சுடத் தட்டைத் தலைக் குண்டு. சுத்தமாக வட்டம் வெட்டும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. 25 மீட்டருக்கு அப்பால் உருண்டைத் தலை. இதற்குப் பிறகும் கடைசி முடிவு குழாயின் கையில்தான். ஒரே எடையில் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று தனித்தனி டப்பாக்கள் வருகின்றன. துப்பாக்கியை மணல் மூட்டையில் சாய்த்து ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துச் சுட்டுப் பாருங்கள். துளைகள் எதில் நெருக்கமோ அது உங்களுடையது. விலை உயர்ந்த டப்பாதான் ஜெயிக்கும் என்று கட்டாயமில்லை.

மற்றவற்றை வேகமாக முடிக்கிறேன்.

குழாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் பவர் ஏறுமா? நசுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் வெடிக்கும், வேகமும் ஏறும், ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில். குறி போகும், அடுத்து சீல் போகும். 1950-களில் ஜெர்மனியில் ஈதரைச் செலுத்தி இப்படி வெடிக்கவைக்கும் ஒரு துப்பாக்கியையே விற்றார்கள். இன்று அது சேகரிப்பாளர் அலமாரியில் இருக்கிறது.

சைக்கிள் கடை பால்ரஸ் போடலாமா? கூடாது. குழாயின் உள்ளே இருக்கும் மரை ஈயத்துக்காக வெட்டியது; எஃகு அதைத் தேய்த்துவிடும். அதோடு எஃகுக் குண்டு பட்ட இடத்திலிருந்து சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும்.

கூர்முனைக் குண்டு ஆழமாகப் போகுமா? முனை நடுவில் சரியாக அமைவது அபூர்வம். தாளில் அதனால் ஒரு லாபமும் இல்லை.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பொம்மையா? விநாடிக்கு 100 மீட்டர் வேகத்திலேயே குண்டு மனிதத் தோலைத் துளைக்கும். கண்ணுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. “கொக்கு விழுமா சார்?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதன்பின் சிறை.

கடைசி நம்பிக்கைக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். “சின்ன ஈயத் துண்டு, என்ன செய்துவிடும்?” குண்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கத்தை இன்றும் பார்க்கிறேன், பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் செய்கிறார்கள். சுட்ட கையோடு முறுக்கு தின்கிறார்கள். ஈயத்தில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; வளரும் மூளைக்கு அது விஷம். வெள்ளீயக் குண்டு இருக்கிறதே என்றால், அது லேசு. எட்டு ஜூல் துப்பாக்கிக்குப் பொருந்தும், இருபது ஜூல் துப்பாக்கிக்கு மேலே சொன்ன அத்தனை வியாதியும் வரும். ஆகவே பிள்ளைகள் பழகும் 10 மீட்டர் துப்பாக்கிகளிலாவது வெள்ளீயத்துக்கு மாறலாம். சுடுதளத்தை விளக்குமாற்றால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கலாம்.

கிளப் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் மின்னணு இலக்குப் பலகைக்கு நன்கொடை திரட்டும் முன், சுடுதளத்தின் வாசலில் ஒரு குழாயும் தொட்டியும் சோப்பும் வையுங்கள். கை கழுவாதவரை வெளியே விடாதீர்கள்.