காப் மாநாட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பார்வையாளராகவோ, நிருபராகவோ, ஏதோ ஒரு தூதுக்குழுவின் கடைக்குட்டியாகவோ காப் என்கிற ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் விசாவும் தங்குமிடமும் பற்றித்தான். அதை முன்னே போய்வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே நடப்பதைப் பின்தொடர என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவு.

1. ஓட்டெடுப்பு நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். 1995-ல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது, வாக்களிப்பு பற்றிய விதியைச் சவுதி அரேபியா முதலிய எண்ணெய் நாடுகள் ஏற்கவில்லை. அந்த விதி இன்றுவரை நிறைவேறாமல் கிடக்கிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ‘எல்லோரும்’ என்றால் எத்தனை பேர்? அதை எங்கும் எழுதிவைக்கவில்லை. அதனால், முடிவானது என்று தலைவர் தட்டும் சுத்தியலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 2009-ல் கோபன்ஹேகனில் பொலிவியா, வெனிசுவேலா, துவாலு என்று சில நாடுகள் மறுத்ததும் ஆவணம் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’, நிறைவேறவில்லை. மறு ஆண்டே கான்கூனில் பொலிவியா தனியாக நின்று மறுத்தது. மாநாட்டுத் தலைவராக இருந்த மெக்சிகோவின் வெளியுறவு அமைச்சர் பட்ரீசியா எஸ்பினோசா, ஒரு நாடு மற்ற எல்லோரையும் நிறுத்திவைக்க முடியாது என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார். 2012-ல் தோஹாவில் ரஷ்யாவின் மறுப்பைக் காதில் வாங்காமல் தலைவர் தட்டி முடித்தார். ரஷ்யா பொலிவியா இல்லையே! அடுத்த ஜூனில் பான் நகரில் உக்ரைனையும் பெலாரஸையும் சேர்த்துக்கொண்டு, ஒரு குழுவின் நிகழ்ச்சி நிரலையே ஏற்காமல் அதன் இரண்டு வார வேலையைப் பாழாக்கியது.

2. தீர்மானத்தின் வரைவு கைக்கு வந்ததும் பணம் பற்றிய பத்திக்குப் போங்கள். யார் தருவது, மானியமா கடனா, எந்த ஆண்டுக்குள் என்ற மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாகப் பணக்கார நாடுகள் கோபன்ஹேகனில் சொன்னன. அவற்றின் ஓஇசிடி அமைப்பின் கணக்குப்படியே அந்தத் தொகை 2022-ல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்த நாட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைப்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. 2024-ல் பாக்குவில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, தங்களைப் பேசவிடாமல் சுத்தியலைத் தட்டிவிட்டார்கள் என்று இந்தியப் பிரதிநிதி அரங்கத்திலேயே சாடினார்.

3. முந்தைய வரைவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது இன்னும் முடிவாகாதது. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போன வரிதான் செய்தி.

4. நம் நாடு என்பதற்காகக் கை தட்டவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். 2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரியை ‘ஒழிப்பது’ என்றிருந்ததை ‘குறைப்பது’ என்று மாற்றக் கடைசி நிமிடத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் முன்மொழிந்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்தியாவை வில்லனாக்கின. இங்கே சிலர் வீரனாக்கினார்கள். எண்ணெயையும் எரிவாயுவையும் எரிப்பதைக் குறைக்கச் சொல்லி அந்த ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. மேடையை விட்டுவிட்டு, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2011-ல் டர்பனில் விடிகாலை மூன்று மணிவாக்கில் பேச்சு முறியும் நிலை. ஒன்றாகக் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தென்னாப்பிரிக்கத் தலைவர் சொல்ல, ஐரோப்பாவின் கோனி ஹெடிகார்டும் இந்திய அமைச்சராக வந்திருந்த நம் சென்னையின் ஜெயந்தி நடராஜனும் அரங்கத்தின் நடுவிலேயே நின்றபடி வாதாடினார்கள். சுற்றிலும் தோளோடு தோள் உரசும் கூட்டம். பிரேசில்காரர் ஒருவர் எடுத்துக்கொடுத்த வாசகத்தில் இருவரும் இணங்கினார்கள். 2015-ன் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு வழி திறந்தது அங்கேதான்.

6. அமெரிக்கா இருக்கிறதா, போய்விட்டதா என்பதிலேயே மூழ்காதீர்கள். 2020-ல் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறி, 2021-ல் திரும்பி, 2025-ல் மறுபடியும் போவதாக அறிவித்தது. மற்றவர்கள் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

7. சின்ன நாடுகளின் கூட்டங்களில் போய் உட்காருங்கள். கடல்மட்டம் உயர்ந்து பாதிக்கப்படும் நாடுகளுக்கு இழப்பீடு தர ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று வனுவாட்டு 1991-லேயே, ரியோ ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, எழுதிக்கொடுத்தது. இழப்பு, சேதத்துக்கென்று நிதியம் அமைக்க முடிவானது 2022-ல், எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில். இதற்கிடையே 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள், ஏறக்குறைய உங்கள் வயதுக்காரர்கள், விஷயத்தை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அதைக் கையிலெடுத்து ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானமாக்கியது. 2025 ஜூலையில் ஹேக்கிலுள்ள அந்த நீதிமன்றம் கருத்துரை வழங்கியது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். அந்தக் கருத்துரை யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி பணப் பத்தி பற்றிப் பேசுகிற சின்ன நாட்டு வக்கீலின் பையில் அது இருக்கும்.

8. அறிவித்த கடைசி நாளுக்குத் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். மாநாடு அன்றைக்கு முடிந்தால் அதிசயம். 2023-ல் துபாயில் முக்கியத் தீர்மானத்துக்குச் சுத்தியல் தட்டியபோது, 39 சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அரங்கத்தில் இல்லை. பிறகு வந்த சமோவாவின் ஆன் ராஸ்முசென் அதை எடுத்துச் சொன்னபோது மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. தீர்மானத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. உங்கள் குழுவில் மூன்று பேர்தான் என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டு நேரமானாலும் ஒருவர் அரங்கத்தில், நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.